முதுகுப்பையில் பஞ்சபாத்திரம்

(நமது சங்கத்தின் புனே கிளையில் நடைபெற்ற இளம் தம்பதியர் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நம் கிளைச் செயலாளர் மாமா, "நீங்கள் இரண்டு பேரும் லீவு கிடைத்தால் மலை ஏறக் கிளம்பிவிடுகிறீர்களாம். ஆனால் அனுஷ்டானத்தையும் விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று சொல்லேன்" என்று கேட்டார். பெரியவர் வார்த்தையைத் தட்டக்கூடாது என்பதால் வந்து நிற்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒத்துப்போவது மட்டுமில்லை, ஒன்றுக்கொன்று ஒத்தாசையாகவும் இருக்கிறது. விடிவதற்கு முன் எழுந்திருப்பது, நேரத்துக்குக் கட்டுப்படுவது, தேவையானதை மட்டும் வைத்துக்கொள்வது, ஏற்படுத்திய வரம்பை மீறாமல் இருப்பது. அனுஷ்டானத்துக்கு வேண்டிய இதே நாலும்தான் மலைக்கும் வேண்டும். அகத்தில் இவை பழகியிருந்ததால்தான் மலையில் பத்திரமாக இருந்திருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் தினசரி

எங்களுக்குக் கல்யாணமானது 2018-ல். கோத்ரூடில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். என் ஆபீஸ் ஹிஞ்சவடியில். அவருக்கு சாகணில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் காலை 6:45-க்கு வந்துவிடும். இரவு இருவரும் வீடு சேர 8 மணி ஆகும். வார நாட்களில் முகம் பார்த்துப் பேச எங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். இங்கே இருக்கும் பல தம்பதிகளுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

காலை 5 மணிக்கு எழுந்துவிடுவோம். அவர் ஸ்நானம் செய்து ப்ராதஸ்ஸந்த்யையை முடிப்பதற்குள் நான் வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டு, ஸ்வாமிக்கு விளக்கேற்றி, டிகாக்ஷன் இறக்கி, இரண்டு டப்பாவும் கட்டியாக வேண்டும். சென்னைப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: புனேயில் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 25 நிமிஷம் தாமதமாக உதிக்கிறான். கல்கத்தாவில் இருப்பவர்களுக்கோ நமக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே உதயமாகிவிடும். பல ஊர்களில் பரவியிருக்கும் நாம் அந்தந்த ஊர் உதயத்தைப் பார்த்துக்கொள்வதுதான் சரி.

ஸாயம்ஸந்த்யை அவருக்குத் தொழிற்சாலையில்தான். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தோட்டக் குழாயில் கைகால் அலம்பிக்கொண்டு, வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம். முதலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களாம். பிறகு ஒரு மராத்தி நண்பர், "நானும் முன்பு செய்துகொண்டிருந்தேன், விட்டுப்போய்விட்டது" என்று சொல்லிக் கூடவே நின்றுகொள்ள ஆரம்பித்தார். அவர்கள் ஸந்த்யையை கேசவாதி 24 நாமங்களோடு ஆரம்பிப்பார்கள். நமக்குப் 12 நாமங்கள். "பாதி வழியில் அவரைப் பிடித்துவிடுகிறேன்" என்று இவர் வேடிக்கையாகச் சொல்வார்.

103 படிகளில் ஆரம்பம்

மலைப் பைத்தியம் பிடித்தது கொரோனா காலத்தில். 2020-ல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, ஆளுக்கு ஒரு அறையில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். கட்டுப்பாடு தளர்ந்ததும் முதலில் ஏறியது நம் பார்வதி மலை. நானாஸாஹேப் பேஷ்வா காலத்துக் கோவில், 103 படிகள். அன்று எனக்கு மூச்சு வாங்கியது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் மேலே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். செல்போன் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

அடுத்தது ஸிம்ஹகட். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆட்கர்வாடியிலிருந்து ஏறினால் முதல் தடவை இரண்டு மணி நேரமாயிற்று. இப்போது ஒன்றேகால் மணி. 1670-ல் தானாஜி உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பழைய பெயர் கொண்டாணா. கௌண்டின்ய ரிஷி தவம் செய்ததால் அந்தப் பெயர் என்று இங்கே சொல்வார்கள். எங்கள் கோத்திரம் கௌண்டின்யம்! "நம் ரிஷியின் ஊருக்கு வாராவாரம் போய்வருகிறோம்" என்று மாமியாரிடம் சொன்னோம். அவர் அசரவில்லை.

என் மாமனார் மாமியார் டோம்பிவிலியில் 30 வருஷம் இருந்துவிட்டு 2021-ல் எங்களோடு வந்துவிட்டார்கள். மாமியாருக்கு நாங்கள் மலைக்குப் போவதே பிடிக்கவில்லை. "கோவிலுக்குப் போறேள்னா புரியறது. கல்லையும் முள்ளையும் பார்க்க எதுக்குப் போகணும்? குளிக்க ஜலம் இருக்குமா? மடி ஆசாரமெல்லாம் என்னாறது? நாட்டுப்பொண்ணு மலையேறறான்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்பார். கேலியாகச் சொன்ன வார்த்தைகள் இல்லை, கவலை. பதில் சொல்வதைவிட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பது நல்லது என்று நாங்கள் தீர்மானித்தோம்.

ஜலத்துக்கு வழி: ஆளுக்கு 3 லிட்டர், அது போக ஒரு சின்ன பாட்டில் ஸந்த்யாவந்தனத்துக்கு. முதுகுப்பையின் மேல் அறையில் ஒரு சின்னப் பஞ்சபாத்திர உத்தரணியும், விபூதி சம்புடமும், ஒரு மடி வேஷ்டியும். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோகூட வராது. யுத்த களத்தில் ஜலம் இல்லாதபோது மண்ணைக் கொண்டே அர்க்யம் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாட்டில் ஜலம் வைத்திருக்கிற நமக்குச் சாக்குச் சொல்ல இடமேது?

ஏகாதசி, வீட்டு விசேஷங்கள், சிராத்தம் வரும் நாட்களை ஜனவரியிலேயே காலண்டரில் குறித்துவிட்டு, மிச்சமுள்ள சனி ஞாயிறில்தான் மலை. உபவாசத்தோடு ஏறுவது தைரியமில்லை, ஆபத்து.

என் கால் மெட்டிக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னால் சரியும். மெட்டி பக்கத்து விரலை அறுத்துவிடும். கழற்ற எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், இதற்கு வழி சொன்னவர் மாமியார்தான். கட்டி மெட்டியை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பியில் மெல்லிய மெட்டி செய்து வாங்கிக் கொடுத்து, "மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கோ" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, பாதி அனுமதி கிடைத்துவிட்டது என்று.

மலைக்கேற்ற பட்சணம்

மலையேறுகிறவர்கள் கடையில் விலை கொடுத்து வாங்கும் சாக்லேட் கட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் பாட்டிமார்கள் ரயில் பிரயாணத்துக்குக் கட்டிக் கொடுத்ததைவிடச் சிறந்த மலைச் சாப்பாடு கிடையாது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவின இட்லி மறுநாள் காலை வரை கெடாது. புளிக்காய்ச்சலை நன்றாக எண்ணெய் கக்க விட்டுக் கலந்த புளியோதரையும் அப்படியே. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்தால், உச்சிக்குப் போய்ச் சேரும்போது சரியாக உறைந்திருக்கும். வெயிலில் வியர்த்து உப்பெல்லாம் வெளியேறின உடம்புக்கு அதோடு ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுக்கும் தெம்பு வேறெதிலும் இல்லை. பாக்கெட்டில் எள்ளுருண்டை, கடலையுருண்டை, ஒரு டப்பாவில் வேப்பிலைக்கட்டி. இரண்டு நாள் பயணமென்றால் அவலும் வெல்லமும், அடுப்பே வேண்டாம்.

இதெல்லாம் தயார் செய்வது சனிக்கிழமை சாயங்காலம். அவர் தேங்காய் துருவுவார், நான் தாளிப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாரத்துக் கதையெல்லாம் பேசித் தீரும். ஆகவே மலை உச்சியில் கிடைக்கும் சந்தோஷத்தில் பாதி எங்களுக்கு சமையலறையிலேயே கிடைத்துவிடும்.

கொங்கண் கடாவில் ஸாயம்ஸந்த்யை

2021 டிசம்பரில் ஹரிச்சந்திரகட் போனோம். பாச்னை கிராமத்திலிருந்து ஏறுவது சுலபமான வழி. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மேலே ஹரிச்சந்திரேஷ்வரர் கோவில், கல்லிலேயே எழுப்பியது. அருகே கேதாரேஷ்வரர் குகை. நடுவில் ஆளுயர லிங்கம். சுற்றிலும் இடுப்பளவு ஜலம். நாலு தூண்களில் ஒன்றுதான் முழுசாக நிற்கிறது. நாலு யுகங்களில் மூன்று போய் இந்தக் கலியுகம் மட்டும் மிச்சம் என்று கிராமத்தார் அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். டிசம்பர் மாசத்து ஜலத்தில் இறங்கிப் பிரதக்ஷிணம் செய்தபோது எனக்குப் பல் கிட்டிப் போனது. மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. "சிவா, சிவா" என்றுதான் வந்தது. ஸ்வாமி அதை ஏற்றுக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் கொங்கண் கடாவுக்குப் போனோம். உட்புறமாக வளைந்து இறங்கும் பிரம்மாண்டமான செங்குத்துப் பாறை. மேற்கே பார்த்து நின்றால் கீழே கொங்கணம் முழுவதும் விரிந்து கிடக்கும். ஸாயம்ஸந்த்யையில் மேற்கு நோக்கித்தான் அர்க்யம். வருஷக்கணக்காக இவர் தொழிற்சாலைச் சுவரைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அன்று எதிரே ஸாக்ஷாத் சூரியன், நடுவில் ஒரு மறைப்பும் இல்லை. விளிம்பிலிருந்து ஐம்பது அடி தள்ளித்தான் நின்றார். அது எங்கள் சட்டம். நான் பின்னால் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே கூடாரம் போட வந்திருந்த கல்லூரிப் பையன்கள் பாட்டுப் பெட்டியைத் தாங்களாகவே அணைத்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இரவு, கோவில் பக்கத்தில் கிராமத்தார் போட்டிருந்த குடிசையில் தங்கினோம். அந்த வீட்டுப் பாட்டி அரிசிமாவு பாக்ரி தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை என்று அரைகுறை மராத்தியில் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லைத் துடைத்துவிட்டு, வெறும் பாக்ரி தட்டி வெண்ணெய் வைத்துக் கொடுத்தாள். எங்கள் மிளகாய்ப்பொடியைத் தொட்டுச் சாப்பிட்டோம், அவளுக்கும் கொடுத்தோம். காரம் போதவில்லை என்றாள்! இதில் ஆசாரக் குறைவு என்று நினைப்பவர்கள் இந்தச் சபையில் இருக்கலாம். அவர்கள் நியமத்தை நான் மதிக்கிறேன். நமக்காகக் கல்லைத் துடைத்த கையை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மஞ்சள் துணியில் முடிந்த காசு

இப்போது சொல்லப்போவதுதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

2023-ல் என் மாமனாருக்கு இருதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது மாமியார் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, "இவர் நல்லபடியா எழுந்து வந்துட்டா கேதாரத்துல உனக்குச் சேர்க்கறேன்" என்று வேண்டிக்கொண்டார். மாமனார் பிழைத்து வந்தார். அதற்கு முந்தின வருஷம் நாங்கள் துங்கநாத் போய்வந்திருந்தோம். 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவில். "அடுத்து எங்கே?" என்று மாமியார் கேட்டபோது, பஞ்சகேதாரத்தில் ருத்ரநாத் என்றோம். அவரே மஞ்சள் முடிப்பை என் கையில் கொடுத்தார். மலைக்குப் போகாதே என்று சொன்னவர் கொடுத்தனுப்பிய முடிப்பு அது. அதன் கனம் எனக்குத் தெரியும்.

2024 ஜூன் முதல் வாரம் கிளம்பினோம். வழியில் நிலச்சரிவால் ஒரு நாள் போயிற்று. கையில் வைத்திருந்த ஒரே உபரி நாளும் அதுதான். கோபேஷ்வருக்குப் பக்கத்தில் சாகர் என்ற கிராமம். அங்கிருந்து ருத்ரநாத் சுமார் 20 கிலோமீட்டர், முழுக்க நடை. ஜூனில் அங்கே 5:15-க்கு முன்பே சூர்யோதயம். அவர் ஸந்த்யை முடித்ததும் உள்ளூர் வழிகாட்டியோடு புறப்பட்டோம். காடு, அப்புறம் புல்வெளி, அப்புறம் மறுபடி காடு. மத்தியானம் பனார் புல்வெளியை அடைந்து அங்கேயே தங்கினோம். இரவெல்லாம் இடி.

மறுநாள் காலை நாலரைக்கு வானம் தெளிந்திருந்தது. கிளம்பினோம். பித்ரதார் என்ற மலைமுகட்டை நெருங்கும்போது மணி எட்டு. அங்கே யாத்ரிகர்கள் பித்ருக்களை நினைத்துக் கல் வைப்பார்கள். திடீரென்று மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கல்மழை ஆரம்பித்தது. இடி தலைக்கு மேலேயே இடித்தது. மரமே இல்லாத முகடு. மின்னலுக்கு அங்கே உயரமான பொருள் நாங்கள்தான்.

எங்களுக்குள் முதலிலிருந்தே ஒரு ஒப்பந்தம் உண்டு. இருவரில் ஒருவர் "இறங்கலாம்" என்றால் இருவரும் இறங்கிவிட வேண்டும். காரணம் கேட்பதும் வாதாடுவதும் கீழே வந்த பிறகு. அதுவரை அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அன்று நான் சொன்னேன்.

அவர் முகம் வாடிப்போனது. வழிகாட்டி, "ஒரு மணியில் தெளியலாம், தெளியாமலும் போகலாம்" என்றார். கோவில் இன்னும் இரண்டு மூன்று மணி நேர நடை. அம்மாவின் வேண்டுதல், அப்பாவின் உயிருக்காகச் செய்தது. அதைச் செலுத்தாமல் திரும்புவதா என்று அவர் மனதில் ஓடியிருக்கும். என் மனதிலும் அதேதான் ஓடியது. ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். பனாருக்கு வந்து சேரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மழை சாயங்காலம் வரை விடவில்லை.

எங்களோடு பனாரில் தங்கியிருந்த நாலு பேர் பாறை இடுக்கில் ஒதுங்கியிருந்து, பிறகு மேலே போய் தரிசனமும் செய்துவிட்டார்கள். கோபேஷ்வரில் அவர்களைப் பார்த்தபோது பத்திரமாக வந்தார்களே என்று சந்தோஷமாக இருந்தது. மனதுக்குள் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இதை மறைப்பானேன்? ஆனாலும் அதே முகட்டில் அதே இடி இடித்தால் இன்றும் அந்த வார்த்தையைத்தான் சொல்வேன். 2013 ஜூனில் கேதாரத்தில் ஆயிரக்கணக்கானோரை வெள்ளம் கொண்டுபோனதை நம் வீடுகளில் எல்லோரும் டிவியில் பார்த்திருக்கிறோம். ஹிமாலயத்தில் மழை விளையாட்டு இல்லை.

கோபேஷ்வரிலிருந்து மாமியாருக்குப் போன் செய்தேன். முடிப்பைச் சேர்க்க முடியவில்லை என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. அவர் கேட்டார்: "குளிர்காலத்துல அந்த ஸ்வாமி எங்க இருப்பார்?" பனிக்காலத்தில் ருத்ரநாத்தைக் கீழே கோபேஷ்வர் கோபிநாத் கோவிலுக்கு எழுந்தருளப் பண்ணி அங்கேதான் பூஜை என்றேன். "அப்போ அங்கேயே சேர்த்துடு. ஆறு மாசம் அவரே மலைய விட்டு இறங்கி வந்துடறார். நீங்க இறங்கி வந்ததுல என்னடி குறை?" என்றார்.

கோபிநாத் கோவில் பிராகாரத்தில் ஐந்து மீட்டர் உயரத்துக்குப் பழைய திரிசூலம் ஒன்று நிற்கிறது. அதைப் பிரதக்ஷிணம் செய்து, உள்ளே போய் முடிப்பைச் சேர்த்தோம். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் அவர் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார். "நீ சொல்லாம இருந்தா நான் போயிருப்பேன்" என்றார். அதற்கு மேல் நாங்கள் வாதாடவில்லை.

மலையிலிருந்து வீட்டுக்கு

அந்த ஒப்பந்தம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. 2025-ல் அவருக்கு இரண்டு வருஷம் வெளிநாட்டில் வேலை பார்க்க வாய்ப்பு வந்தது. மாமனார் உடம்பை நினைத்து நான் "இறங்கலாம்" என்றேன், அவர் விட்டுவிட்டார். ஆறு மாசம் கழித்து எனக்குப் பதவி உயர்வு வந்தது, ஆனால் வாரத்தில் மூன்று ராத்திரி வேலை. அவர் "இறங்கலாம்" என்றார், நான் விட்டுவிட்டேன். இரண்டுமே லேசாக இல்லை. ஆனால் யார் ஜெயித்தது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. கல்யாணமான இரண்டே வருஷத்தில் பிரிந்துபோகிற தம்பதிகளைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். அவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சேர்ந்து வியர்க்க ஒரு வேலையும், சேர்ந்து கைகூப்ப ஒரு வேளையும் இருந்தால் நல்லது என்பது மட்டும் எங்கள் அனுபவம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. மலையேறுவதுதான் காரணம் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்களைப் பார்க்கும் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வைத்தியமும் பிரார்த்தனையும் அதன் வழியில் நடக்கின்றன. கல்யாண வீட்டில் பார்க்கும்போது "விசேஷம் உண்டா?" என்று கேட்பதற்குப் பதில், "அடுத்து எந்த மலை?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பதில் சொல்வேன்.

நான்கு விண்ணப்பங்கள்

முதலாவது, பெரியவர்களுக்கு. கேதார்நாத் 3,583 மீட்டர். கௌரிகுண்டிலிருந்து நடந்தாலும் சரி, ஹெலிகாப்டரில் போய் இறங்கினாலும் சரி, 2,500 மீட்டருக்கு மேல் காற்று லேசாவதால் தலைவலி, குமட்டல், மயக்கம் வரலாம். வந்தால் "தரிசனம் ஆகட்டும்" என்று இருக்கவேண்டாம். கீழே இறங்குவதுதான் அதற்கு மருந்து. போகும் வழியில் ஒரு இரவு நடுத்தர உயரத்தில் தங்கிப் போவது உத்தமம். இருதயநோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது, இளைஞர்களுக்கு. மலையில் மத்தியானத்துக்குள் உச்சி, பொழுது சாய்வதற்குள் அடிவாரம் அல்லது தங்குமிடம். இடிச் சத்தம் கேட்டால் முகட்டை விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி ஆகும்வரை மேலே போகாதீர்கள். கொண்டுபோன காகிதம், கவர் எல்லாம் திரும்ப வீட்டுக்கு வரவேண்டும்; ஸ்வாமிக்குச் சாற்றிய பூவின் பிளாஸ்டிக் பை உட்பட.

மூன்றாவது, மாமியார்களுக்கு. உங்கள் கேள்விகளை நிறுத்தவேண்டாம். அந்தக் கேள்விகளால்தான் எங்கள் முதுகுப்பையில் பஞ்சபாத்திரம் ஏறியது. கேள்வியோடு மெல்லிய மெட்டியும் செய்து கொடுங்கள்.

நான்காவது, நம் சங்கத்துக்கு. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிளையும் பக்கத்து மலைக்கோவிலுக்கு ஒரு நடை ஏற்பாடு செய்யலாமே. பெங்களூர்க்காரர்களுக்கு சிவகங்கே இருக்கிறது. தில்லிக்காரர்கள் ரிஷிகேசம் போனால் காட்டுவழியே நீலகண்ட மஹாதேவர் வரை நடக்கலாம். விசாகப்பட்டினத்தில் ஆஷாட பௌர்ணமியை ஒட்டி ஸிம்ஹாசலம் கிரிப்பிரதக்ஷிணம், 32 கிலோமீட்டர். மும்பைக்கும் நமக்கும் ஸஹ்யாத்ரி பொது. அதெல்லாம் முடியாதவர்களுக்கு இதே ஊரில் பார்வதியின் 103 படிகள். பைபாஸ் ஆன என் மாமனார் டாக்டர் அனுமதியோடு மாசம் ஒரு தடவை ஏறுகிறார். நடுவில் மூன்று இடத்தில் உட்காருவார். மாமியார் பின்னாலேயே தயிர்சாத டப்பாவோடு ஏறுகிறார்.

அடுத்த மாசம் முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு அங்கே அடிவாரத்தில் இருப்போம். வர விருப்பமுள்ளவர்கள் செயலாளர் மாமாவிடம் பெயர் கொடுக்கலாம். ஷூ, தண்ணீர், தொப்பி கொண்டுவாருங்கள். புளியோதரை என் பொறுப்பு.